அடுக்களை காணலுக்கு ஒரு துப்பாக்கி

மக்கா,

கடையில் மெஷினை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். அதற்குள் எழுந்து வாசல்வரைக்கும் போய் நின்று, உதியன்குளங்கரை ஜங்சனில் போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. யூனிபார்ம் துணி சுவர் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. தைக்க வரும் பெண்கள், சேச்சிக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சீர்ச் சாமான்களோடு உன் புகுந்த வீட்டுக்கு அடுக்களை காண வருகிறோம். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காஞ்சிரங்குளம் ஜங்சனில், அந்த பேக்கரி வாசலில் வைத்து நீ சொன்னதைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். எனக்கு வாயடைத்துப் போவது நம் வீட்டில் அபூர்வம் என்று உனக்கே தெரியும். நெய்யாற்றின்கரை வந்து இறங்கும் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தைகூட எனக்குள் உருவாகவில்லை. பிறகு உருவானது, உருவானதெல்லாம் சண்டைக்கு வந்தது. இரண்டு நாள் போன பிறகுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பித்தால் நீ "ஆட்டும் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதுவதை மூடியும் வைக்கப் போவதில்லை. நம் வாசகசாலையில் பிள்ளைகள் நடத்துகிற கையெழுத்து மாசிகைக்கு ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். பிள்ளையைத் துப்பாக்கி சுடப் பழகச் சேர்த்துவிட்டு, எந்த ரைபிள் வாங்க, எந்தக் கோட்டு வாங்க என்று என் கடைக்கு வந்து கேட்கிற தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது. உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கல்யாணம் முடிந்து நீ காரில் ஏறிப் போன மறுநாள் உன் அறையைப் பெருக்கப் போனேன். கட்டிலுக்கடியில் துடைப்பம் எதிலோ முட்டியது. குனிந்து பார்த்தால் உன் ரைபிள் பெட்டி. பக்கத்தில் கோட்டும் காற்சட்டையும் ஷூவும் வைத்த பை. குண்டு டப்பாக்கள்கூட ஒரு துணியில் சுற்றி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. மறந்து வைத்துவிட்டுப் போனதாக இருந்தால் இவ்வளவு ஒழுங்கு இருக்காது. உடனே போன் பண்ணினேன். நீ அவசரமே இல்லாமல், "அது அங்க கெடக்கட்டு அம்மா. பொறவு பாக்கலாம்" என்றாய். மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு அடுத்த மாதம். இத்தனை வருஷத்தில் அந்த அணிக்கு நீ இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. இந்தத் தேர்வை விட்டால் புதிய பிள்ளைகள் வந்துவிடுவார்கள், நீ துப்பாக்கியைத் தொடுவதும் நின்று போகும். இது எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியிருக்க இந்த "பொறவு" எங்கே இருந்து வந்தது? அன்றிலிருந்து எனக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை, கடையிலும் இருப்புக் கொள்ளவில்லை.

நீ என் வயிற்றில்தான் பிறந்தாய் என்பதை ஊரே சந்தேகப்பட்ட காலம் உண்டு. நான் ஒரு இடத்தில் நின்று தேங்காய் துருவ மாட்டேன், துருவிக்கொண்டே நடப்பேன் என்று உன் அப்பாவின் அக்கா, உன் பெரிய மாமி, சொல்லிச் சிரிப்பாள். நீயோ தொட்டிலில் கிடந்தபோதே சுவரைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பாய். உன் அப்பாவின் குணம் அது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கிறவர், போஸ்டின் உச்சியில் இடுப்புப் பட்டையில் சாய்ந்து நின்று, கீழே இருந்து யார் கத்தினாலும் கை நடுங்காமல் கம்பி முறுக்குகிறவர். ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி. முகாமுக்குப் போய் வந்து, "அம்மா, சார் சொன்னாரு எனக்கு நிக்கத் தெரியுமாம்" என்றாய். நிற்பதில் தெரிய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் தடவை திருவனந்தபுரத்து ரேஞ்சில் வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவில் புள்ளி, பேனாவால் வைத்த புள்ளி அளவுதான் இருக்கும். ஒண்ணேகால் மணி நேரம் நின்ற இடத்தில் நின்று அந்தப் புள்ளியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். என்னைக் கட்டி வைத்தாலும் என்னால் ஆகாது. என் மகள் அதைச் செய்கிறாள் என்று எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை நான் மறைத்து வைக்கவில்லை. மறைத்திருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்குமோ என்னவோ.

உன் முதல் கோட்டு நினைவிருக்கிறதா? கான்வாசிலும் தோலிலும் தைத்த அந்தக் கோட்டு உடம்போடு ஒட்டி நின்று முதுகைத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் அதைப் போடுவதே. அளவு கேட்ட கடைக்காரனிடம் நான் என்ன சொன்னேன்? வளருகிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே கொடு என்றேன். யூனிபார்ம் தைக்கிறவள் புத்தி அது. ஓரத்தில் இரண்டு விரல் மடித்து விட்டுத்தான் எதையும் தைப்பேன். உன் கோச் சார் அதைப் பார்த்து, "சேச்சி, இதினகத்து வேறொராள் கூடி கேறுமல்லோ" என்றார். இன்னொரு ஆளும் உள்ளே நுழையலாமாம். ரேஞ்ச் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு நான் அதைப் பிரித்து உள்பக்கம் பிடித்துத் தைக்கப் பார்த்து, ஊசி ஊசியாக ஒடிந்ததுதான் மிச்சம். என்னிடம் கேட்க வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். வளர்ச்சிக்கு இடம் விட்டு எதையும் வாங்காதீர்கள். வளரும் வரைக்கும் கிளப்பின் ரைபிளிலேயே பழகட்டும். பிள்ளைக்கென்று வாங்குவதாக இருந்தால் அடி தட்டையான நல்ல ஷூவும் அளவான கோட்டும் முதலில், ரைபிள் கடைசியில்.

ரைபிள் எடுக்கப் போன நாளும் அப்படித்தான். நான் பளபளப்பைப் பார்த்தேன், பெயரைப் பார்த்தேன், பக்கத்து ஊர்ப் பிள்ளை எதை வைத்திருக்கிறது என்று பார்த்தேன். நீ ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை விட்டு, பிறகு கண்ணைத் திறந்தாய். திறக்கும்போது கழுத்தை நீட்டாமல், தலையைச் சாய்க்காமல் கண் நேராக அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தோளில் வைக்கும் கட்டையையும் கன்னம் வைக்கும் கட்டையையும் நகர்த்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு நகர்த்தியும் உன் கழுத்துத்தான் வளைகிறது என்றால், "இது எனக்குள்ளதில்ல" என்று கீழே வைத்துவிட்டாய். நான் பரபரத்தேன். கடைக்காரனுக்குப் பொறுமை போயிற்று. கடைசியில் நீ எடுத்தது யாரோ பயன்படுத்திக் கொடுத்த, ஓரத்தில் பெயின்ட் போன ஒன்று. எனக்கு அன்று முகமே தெளியவில்லை. குண்டு விஷயத்தில் இன்னும் மோசம். ஒரே டப்பா மாதிரிதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. நீ ரைபிளை இடுக்கியில் பூட்டி வைத்து, ஒவ்வொரு தொகுதி குண்டிலும் கொஞ்சம் சுட்டு, எது ஒரே ஓட்டையில் போய் விழுகிறது, எது சிதறுகிறது என்று பார்த்தாய். அந்தப் பழைய ரைபிள் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தது, பிற்காலத்தில் நீ மாப்பிள்ளை பார்த்தபோது செய்ததைப் போலவே.

வீட்டில் நீ பழகியது குண்டே இல்லாமல். உன் அறைச் சுவரில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை, கறுப்பாகப் பார்த்து, ஒட்டி வைத்தாய். கோட்டை மாட்டி, வெறும் ரைபிளைத் தூக்கி, பொட்டைப் பார்த்து நின்று, விசையை அழுத்துவாய். ஒரு சின்ன 'டிக்' சத்தம் மட்டும் கேட்கும். அழுத்திய பிறகும் ரைபிளை இறக்காமல் அப்படியே நிற்பாய். "முடிஞ்சுதா?" என்று கேட்டு நான் உள்ளே நுழைவேன். "இல்லம்மா. வெடிச்ச பொறவும் கொஞ்சம் நிக்கணும். எங்க போச்சுன்னு பாக்க தலைய தூக்கினா, போறதும் தெத்தி வெலகிப் போவும்" என்பாய். எனக்கு அது விளங்கவில்லை. போனது போன பிறகு நிற்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு விளங்கியது. முற்றத்தில் நின்று, கைப்பம்பால், காற்றின் அழுத்தத்தில் சுடுகிற அந்த ரைபிளின் காற்றுக் குழாயை நிறைத்துக்கொண்டே அவர் தலையை ஆட்டுவார். அவர் பம்பு அடிப்பதைப் பார்த்து, சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நீண்ட நேரம் காத்து நின்றார் என்பது வேறு கதை.

இனி கஞ்சிக் கதைக்கு வருகிறேன். நீ அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டாய், கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னாய், ஆனால் நீ சொல்வது பாதிதான். நம் ஊர் மழையிலும் புழுக்கத்திலும் அந்தக் கோட்டு துவண்டு போயிற்று. உள்ளே பூசணம் பிடித்தது. நீ முதுகு வலிக்கிறது என்று சொன்னாய். நான் பாலராமபுரத்தில் பிறந்தவள். பாவுக்குக் கஞ்சி போட்டு நூலை நிமிர்த்துகிற நெசவு வீட்டில் வளர்ந்தவள். துவண்ட துணியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? போட்டிக்கு முந்தின தினம், நீ கல்லூரிக்குப் போன நேரத்தில், பச்சரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, உள்ளும் புறமும் தேய்த்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்தேன். மாலையில் கோட்டு நாற்காலியில் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ரேஞ்சில் சாமான் சோதிக்கிற அதிகாரி ஒரு சின்னக் கருவியைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்த்தார். துணி கொஞ்சமாவது அமுங்க வேண்டும், விறைப்பாக நின்றால் ஆளைக் கோட்டே தூக்கி நிறுத்திவிடும், அது கள்ளம் என்பது விதி. நம் கோட்டு அசையவில்லை. அவர் மறுபடி அழுத்தினார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார். "இதெந்தா, சோற்றின்டெ மணம்?" என்றார். கோட்டைப் போட விடவில்லை. நீ வெறும் டி-ஷர்ட்டில் போய் நின்று சுட்டாய். வெளியே வந்து, "அம்மா, எனக்க கோட்ட பப்படம் ஆக்கிட்டியளே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ சொல்லாத பாதி இதுதான். நான் அன்று சிரிக்கவில்லை. உன் மதிப்பெண் திரையில் இறங்கிக்கொண்டே வந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பின்னால் இருந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் வருத்தப்படுகிறேனா என்று பார்த்தாய் என்று இப்போது தெரிகிறது. அன்று, பிள்ளை அம்மாவிடம் தைரியம் தேடுகிறது என்று நினைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு போட்டியையும் நான் விட்டதில்லை. கடையை அடைத்துவிட்டு வந்தேன். சுடுகிறவர்களுக்குப் பின்னால் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உனக்கு நேர் பின்னால் இடம் பிடித்தேன். பத்துப் புள்ளி ஆறு என்று திரையில் வந்தால் மூச்சு விடுவேன். ஒன்பது புள்ளி எட்டு வந்தால் நாற்காலி கிறீச்சிடும். எழுந்து நடப்பேன், மறுபடி உட்காருவேன். ஒரு நாள் உன் கோச் சார் குனிந்து, மிகவும் மரியாதையாக, "சேச்சி, ஒந்நு புறத்து இரிக்காமோ?" என்று கேட்டார். வெளியே உட்காரச் சொல்கிறார், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு வெளியே போனேன். போய்க் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். போன வருஷக் கடைசியில் நடந்த போட்டியில் நீ முன்னால் இருந்தாய், கடைசிக் குண்டுகளில் சறுக்கினாய். வீடு வந்து சேரும் வரைக்கும் பஸ்ஸில் நான் அந்தக் கடைசிக் குண்டுகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தேன். மூச்சா, காலா, விசையா, கோட்டா. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். களைத்துப் போயிருக்கிறாய் என்று பாறசாலையில் இறங்கியதும் ஒரு இளநீர் வாங்கித் தந்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில், அடுக்களை காணும் நாளுக்கு முன்னால் பெண்ணின் தாய் போய் ஏறுவதில்லை. அது நம் பக்கத்து வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னால் எப்படிப் பொறுக்க முடியும்? உன் மாமியார்தான் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மருமகன் சம்மதித்திருப்பார், நல்ல மனுஷன், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், அம்மாவை எதிர்த்துப் பேச மாட்டார் என்று அதற்கு மேல் ஒரு கதையும் கட்டினேன். வீட்டில் ஏறாமல் இருந்தால் வழக்கத்துக்கு ஒன்றும் குறைவு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறி, ஜங்சனில் நின்று, உனக்குப் போன் பண்ணினேன். நீ பதறிப்போய் ஸ்கூட்டரில் வந்தாய். நைட்டிக்கு மேல் ஷால் போட்டிருந்தாய். உன்னைக் கண்டதும் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். நான் கேட்டது, "யாரு சொன்னா தோக்கு வேண்டாம்னு? அதச் சொல்லு மொதல்ல" என்று.

"ஆரும் சொல்லல்ல அம்மா."

"ஒனக்க மாமியார காப்பாத்தாண்டாம்."

"அவிய நான் வந்த அண்ணைக்கே கேட்டாவ, தோக்கு எவிடெ மோளே, எனிக்கும் ஒந்நு காணணும்னு. நாந்தான் கொண்டு வரல்ல." நீ பேக்கரிக்காரனைப் பார்த்தாய், ரோட்டைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "ஒங்கள திரும்பிப் பாக்காம எனக்கு ஒரு வெடி வைக்க முடியல்ல அம்மா. பத்து வந்தா ஒங்களுக்கு வந்தது போலயாக்கும். ஒம்பது வந்தா ஒங்க மொகம். நீங்க வெளிய போய் நிண்ணாலும் கண்ணாடியில தெரியும். எனக்கு சுடப் பிடிக்கும். ஆனா எனக்கு இனி ஒங்களுக்கு வேண்டி சுட வய்யா, முடியாது."

நான் என்ன சொன்னேன்? எலுமிச்சை சோடா குடிக்கிறாயா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். எனக்கு வலித்தது மக்கா, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபமும் வந்தது. கடையை அடைத்துக்கொண்டு வந்தவள் நான், வெயிலில் மழையில் அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியவள் நான் என்று நெய்யாற்றின்கரையில் மாறி ஏறிய பஸ்ஸின் ஜன்னல் கம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அதெனக்குத் தெரியுமே" என்றார். தெரிந்தால் சொல்லக் கூடாதா என்று அவரோடு ஒரு சண்டை. "சொன்னா நீ கேப்பியா?" என்றார்.

நேற்று அவர் வேலைக்குப் போன பிறகு உன் அறைக்குப் போனேன். சுவரில் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது. பெட்டியைத் திறந்தேன். குண்டு இல்லைதானே என்று நீ சொல்லிக் கொடுத்த மாதிரி திறந்து பார்த்துவிட்டு, உன் கோட்டை மாட்டினேன். பொத்தான் போடவில்லை, போடவும் வராது. ரைபிளைத் தூக்கிப் பொட்டைப் பார்த்து நின்றேன். பொட்டு ஓட்டைக்குள் நிற்கவே இல்லை. சுவர் முழுக்க ஓடியது. மூச்சு விட்டால் மேலே, இழுத்தால் கீழே, மூச்சைப் பிடித்தால் நெஞ்சு அடிப்பதும் சேர்ந்து ஆட்டியது. எப்படியோ ஒரு கணம் பொட்டு நடுவில் வந்தது, அழுத்தினேன். 'டிக்' என்றது. அழுத்திய நொடியே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். குண்டே இல்லாத ரைபிளில், எங்கே பட்டது என்று பார்த்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு பெட்டியை மூடி, அடுக்களை காணக் கொண்டுபோகும் சாமான்களோடு வைத்தேன். முன்னறையில் அலமாரி, உருளி, இட்லி அவிக்கும் குட்டுவம், உன் பெரிய மாமி உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து டின், பழக்குலை, அதற்கு நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி. மாமி வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "எனக்க அம்மோ! தோக்கும் தூக்கிட்டா அடுக்களை காணப் போறது? ஆளுவ என்ன சொல்லுவாவ?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவளுக்க சாமான் அவளுக்க வீட்டுக்குப் போவட்டு அக்கா" என்றார். அவ்வளவுதான். மாமி முந்திரிக்கொத்து டின்னைக் கொஞ்சம் தள்ளி வைத்து, பெட்டிக்கு இடம் விட்டாள்.

இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. விட்ட இடத்தில் பிடிக்கிறேன், வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கி உன்னைச் சுட வைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. என் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும் வரைக்கும் அது என் துப்பாக்கி. நீ அதை அங்கே விட்டுவிட்டுப் போனதே அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுக்களை காணும் நாளில் கொண்டுவந்து வைப்பதை யாரும் திரும்பக் கேட்பதில்லை, எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்பதும் முறையில்லை. உருளியில் நீ பாயசம் வைப்பாயோ செடி வைப்பாயோ. இதுவும் அப்படியே. பரண்மேல் போட்டாலும் சரி, யாருக்காவது கொடுத்தாலும் சரி. சுடுவதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அதோடு வாயை மூடிக்கொள்கிறேன். கல்யாண அலைச்சலில் உன் கன்னம் வற்றியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை பார்த்தேன். கன்னம் வைக்கும் கட்டை பழைய இடத்தில் சரியாக வராது. கண்ணை மூடித் திறந்து பார்த்துக்கொள். காற்றுக் குழாயை அப்பா நிறைத்து வைத்திருக்கிறார். கோட்டை வெறும் ஈரத்துணியால் துடைத்தேன், வேறு எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. சுவரிலிருந்த பொட்டை நகத்தால் கிளப்பிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிறேன். எந்தச் சுவரில் ஒட்டலாம் என்று உன் மாமியாரைக் கேட்டுக்கொள்.

அடுத்த மாதம் நீ போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அன்று நான் கடையில்தான் இருப்பேன். யூனிபார்ம் கெடு முடிகிற வாரம் அது, வேலைக்குக் குறைவிருக்காது. உன் மதிப்பெண்ணை எனக்குப் போனில் அனுப்பச் சொல்லி மருமகனிடம் கேட்க மாட்டேன். கோச் சாரிடமும் கேட்க மாட்டேன். கேட்காமல் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தே அன்று பொழுது போகும். தைக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் நடக்கிற நடை உதியன்குளங்கரையோடு நிற்கும், அதற்கு நான் பொறுப்பு.

நீ போய் நின்றால், கோட்டை மாட்டி, காலை ஊன்றி, ரைபிளைத் தூக்கும் முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார். எப்படியும் பார்ப்பாய், பழக்கம் விடாது. உனக்கு நேர் பின்னால் அந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருக்கும். கண்ணாடிக் கதவிலும் யாரும் இருக்க மாட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொள். பிறகு முன்னால் திரும்பி, உனக்காகச் சுடு.

உன் அம்மா